யானைகள் வளைத்த பாதை

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் ஒரு வாய் தண்ணீருக்கும் திண்டாட்டம். ஆறு மலைக்கு அப்பால் இருந்தது. வழியெல்லாம் முட்புதர்.

சிங்கராஜா யானைகளை அழைத்தது. "ஆற்றுக்குப் பாதை போடுங்கள். பாதையின் இருபுறமும் கூப்பிடு தூரம் வரை உங்களுக்கே சொந்தம்" என்று வாக்குக் கொடுத்தது. தரிசைத் திருத்திக் குடியிருப்பவருக்கே அந்த நிலம் என்று முன்பே ஒரு வாக்குக் கொடுத்திருந்ததை அது மறந்துவிட்டது. ராஜாக்களுக்கு மறதி சகஜம்.

முள்ளம்பன்றி மறக்கவில்லை. அந்த வாக்கை நம்பித்தான் அது ஒரு தரிசில் கல் பொறுக்கி, மண்ணைக் கிளறி, வள்ளிக்கிழங்குக் கொடி வளர்த்திருந்தது. அங்கே தோண்டிய வளையில்தான் அதன் குட்டிகள் பிறந்தன. போவதற்கு அதற்கு வேறு இடம் கிடையாது.

ஒருநாள் யானைகள் கொடிகளை மிதித்துக்கொண்டு வந்து நின்றன.

"பாதை இப்படித்தான் போகிறது. இடத்தைக் காலி செய்" என்றது கூட்டத்தின் தலைவி.

"ஆறு வடக்கே இருக்கிறதே, அம்மா. பாதை ஏன் கிழக்கே வளைகிறது?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"வடக்கே பாறைச் சரிவு. எங்களால் நடக்க முடியாது. வேறு வழியில்லை."

பாறையில் பாதை போட்டால் இருபுறமும் பாறைதானே கிடைக்கும், பிள்ளைகளே! அதனால் நல்ல மண்ணாகப் பார்த்துப் பார்த்துப் பாதை வளைந்தது. பக்கத்து வளை முயல்கள் பயந்துபோய் அன்றைக்கே காட்டை விட்டு ஓடின. முள்ளம்பன்றி நேரே ராஜாவிடம் போனது.

"மகாராஜா, உங்கள் வாக்கை நம்பிக் குடியேறினேன். விசாரணையை என் நிலத்திலேயே, உச்சிவெயிலில் வையுங்கள். எல்லா யானைகளும் வரட்டும்."

ராஜா சம்மதித்தது. யானைகள் தங்களுக்காகப் பேச நரியைக் கூட்டிவந்தன. நரி வாயைத் திறந்தால் லேசில் மூடுமா? வேறு வழியே இல்லை என்பதை விதவிதமாகச் சொன்னது. வெயில் ஏறியது. யானைகளுக்கு நாக்கு வறண்டது.

"போதும், நரியாரே" என்றது சிங்கம்.

"பேசட்டும், மகாராஜா. எனக்கு அவசரமில்லை" என்றது முள்ளம்பன்றி. உச்சிவெயில் நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரும் என்று அதற்குத் தெரியும்.

வடக்கிலிருந்து காற்று வீசியது. அதில் ஆற்றின் வாசனை இருந்தது. தலைவி துதிக்கையைத் தூக்கியது. அவ்வளவுதான். நரி பேசிக்கொண்டிருக்கும்போதே யானைகள் அத்தனையும் ஓட்டம் பிடித்தன. வளைந்த பாதையில் அல்ல. பாறைச் சரிவில், நேராக, ஒரு கால்கூட இடறாமல் ஓடின.

நரி பாதி வார்த்தையில் நின்றது. சிங்கம் யானைகள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுதான் ஆற்றுப் பாதை. அதன் இருபுறமும் யானைகளுக்கே. கொடுத்த வாக்கை மாற்றமாட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கையும்தான். இந்த நிலம் உன்னுடையது" என்றது.

முள்ளம்பன்றி தன் வளைக்குத் திரும்பியது. பக்கத்தில் முயல்களின் வளை மண் சரிந்து கிடந்தது. தேடிப்போய்ச் சொல்லலாம் என்றால், அவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. முள்ளம்பன்றிக்கு அழுகை வந்தது. பிறகு, மிதிபட்ட கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து நடத் தொடங்கியது.

நீதி: உனக்கு உரிய இடத்தை விட்டு ஓடாதே, நின்று கேள். வலியவரின் பொய் அவர்கள் காலாலேயே வெளிப்படும்.