விசாரணைக்கு முந்திய லட்டு

ஊர் ஏரியை மந்திரி தன் மைத்துனனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஏரி போனால் ஊரே குடிபெயர வேண்டியதுதான். எல்லோரும் பயந்து ஒதுங்க, ஆடு மேய்க்கும் பூவாயி மட்டும் நாட்டின் தலைமை நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோனாள். வழக்கைக் கேட்கப்போகும் மூன்று நீதிபதிகளின் பெயரை வாசலில் சேவகன் கூவியதுமே, "இவங்களா! அப்போ தீர்ப்பு எழுதியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அதற்கே அவளைப் பிடித்து அந்த நீதிபதிகள் முன் நிறுத்தினார்கள். தலைமை நீதிபதி கர்ஜித்தார்: "நீதியைப் பழித்தாய். சொன்னதை இப்போதே நிரூபி. இல்லையென்றால் சிறை!"

பூவாயி கைகூப்பிச் சொன்னாள்: "நான் மட்டும் நெனைக்கலீங்க சாமி. உங்க பேரைக் கேட்டதுமே மந்திரி வீட்டுக்காரங்க வாசல்ல லட்டு குடுத்தாங்க. வழக்கையே இன்னும் யாரும் கேக்கலையே, எதை நம்பிக் குடுத்தாங்க? நானும் அவங்களும் நெனைச்சது பொய்யின்னு காட்ட உங்களாலதான் முடியும்."

மந்திரி தயவில் பதவிக்கு வந்த நீதிபதி ஒருவர் தலைகுனிந்து எழுந்து போனார். மற்ற இருவரும் பொழுது சாயும்வரை வழக்கைக் கேட்டு, ஏரி ஊருக்கே என்றார்கள்.

ஊரார் மேளத்தோடு வந்தார்கள். பூவாயி தடுத்தாள்.

"வேண்டாம்ப்பா. இன்னைக்கு உக்காந்திருந்தவங்களுக்கு வெக்கம் வந்துச்சு, பொழைச்சோம். நாளைக்கு வெக்கப்படாதவங்க வந்து உக்காந்தா?"