பூவோடு வந்த பிஞ்சு

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு முள்ளம்பன்றி புதிதாகக் குடிவந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். அங்கே பங்குனி பிறந்தால் புல்லும் கிழங்கும் கருகிவிடும். மழைக்காலத்தில் பூசணி காய்த்தால்தான், அதை வளைக்குள் சேர்த்து வைத்துக் கோடையில் குட்டிகளைக் காப்பாற்ற முடியும். முள்ளம்பன்றி கரை முழுக்கப் பூசணிக் கொடி வளர்த்தது.

கொடியின் ஓரமாக ஒரு காய்ந்த மரம் விழுந்து கிடந்தது. அதைத் துளைத்துக் கருவண்டுகள் குடியிருந்தன. முன்பெல்லாம் மலைத்தேனீக்களும் அந்தப் பக்கம் வரும். அக்கரை வயல்களில் மனிதர்கள் பூச்சிமருந்து அடிக்க ஆரம்பித்த பிறகு அவை வருவதில்லை. மிஞ்சியவை இந்தக் கருவண்டுகள்தாம்.

ஐப்பசியில் கொடி பூத்தது. விடிந்ததும் வண்டுகள் பூவுக்குப் பூ நுழைந்து, உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு வெளியே வந்தன. மேலேயிருந்து ஓர் அணில் பார்த்தது. அதற்கு வாய் சும்மா இருக்காது.

“முள்ளக்கா! உன் பூவுல இருக்கிற தேனையும் தூளையும் அள்ளிக்கிட்டுப் போறாங்க! நீ பாட்டுக்குப் பார்த்துக்கிட்டு நிக்கிறியே!”

முள்ளம்பன்றிக்குச் சுருக்கென்றது. பாய்ந்து வந்து ஒரு கருவண்டை மறித்தது.

“என் குட்டிங்க சோத்துல கை வைக்கிறியா?”

“இல்லக்கா! இந்த ஆண்பூத் தூளைக் கொண்டுபோய் அந்தப் பெண்பூவுல விட்டாத்தான் உனக்குக் காய் நிக்கும்!”

முள்ளம்பன்றி ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தது. பூவின் அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பிஞ்சு இருந்தது.

“பொய்க்காரி! பிஞ்சு பூவோடவே வந்திருக்கு! இதுல உன் வேலை என்ன?”

“அக்கா, அது இன்னும் காய் இல்ல...”

முள்ளம்பன்றி கேட்கவில்லை. காய்ந்த மரத்தை முட்டி உருட்டியது.

“வேண்டாங்க்கா! உள்ளே என் பிள்ளைங்க இருக்கு! இன்னும் றெக்கை முளைக்கல!”

மரம் உருண்டு குளத்தில் விழுந்தது. கொஞ்சநேரம் மிதந்தது. துளைகளில் தண்ணீர் ஏறியதும் மூழ்கிப் போனது. வண்டுகள் அந்த இடத்தையே இரண்டு நாள் சுற்றின. பிறகு காணவில்லை.

முள்ளம்பன்றி நிம்மதியாகப் பிஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. நாலாம் நாள் ஒரு பிஞ்சு மஞ்சளாக வெளுத்தது. தொட்டதும் கழன்று விழுந்தது. அடுத்த நாள் பத்து விழுந்தன. பூக்கள் வந்துகொண்டேதான் இருந்தன, பிஞ்சோடுதான் வந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

“என்ன அணிலே இது?” என்று கதறியது முள்ளம்பன்றி.

“நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்” என்று அணில் மரமேறிவிட்டது. அதற்கென்ன, வேறு காட்டில் வேறு பழம்.

பங்குனி வந்தது. வளை வெறுமையாக இருந்தது. முள்ளம்பன்றிக்குப் பால் வற்றியது. இளைய குட்டி ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. அந்தத் துக்கத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதைப் புதைத்த கையோடு முள்ளம்பன்றி அந்தக் கருவண்டைத் தேடிப் போனது. குளத்தின் மறுகரையில், ஓர் எருக்கம்பூவில் அது தனியாக இருந்தது.

“என் சின்னது போயிடுச்சு” என்றது முள்ளம்பன்றி.

வண்டு மரம் மூழ்கிய பக்கம் திரும்பியது. பிறகு, “என்னுதும் போச்சுக்கா. அத்தனையும் போச்சு” என்றது.

“நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

“ஒரு காய்ஞ்ச மரம் வேணும். யாரும் தொடாத மரம்.”

பட்டுப்போன மரத்தைக் கண்டால் கொறிப்பது முள்ளம்பன்றியின் பிறவிப் பழக்கம். அன்று அது ஒரு காய்ந்த கட்டையை வெயிலில் நாள் முழுக்க உருட்டிக்கொண்டு வந்து கொடியின் ஓரத்தில் போட்டது. ஒரு பல்கூட அதில் படவில்லை. வண்டு வந்து துளைக்கத் தொடங்கியது.

அடுத்த ஐப்பசியில் நாலைந்து வண்டுகள்தாம் பறந்தன. காயும் நாலைந்துதான் நின்றது. முதல் காயை வளைக்குள் வைத்துவிட்டு, மிஞ்சியிருந்த ஒரே குட்டியை அணைத்தபடி முள்ளம்பன்றி அழுதது.

நமக்கு உணவு விளைய உழைக்கும் சிற்றுயிரின் வீட்டை அழிப்பவர், தம் பிள்ளைகளின் சோற்றையே அழிக்கிறார்.