நாணல் குளத்து மணிக்கயிறு

நாணல் குளத்துக் கரையில் பறவைக் குஞ்சுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தலைமையாசிரியர் ஒரு மயில். வகுப்பு டீச்சர் ஒரு மைனா. நீச்சல் மாஸ்டர் ஒரு நீர்க்காகம். பெருக்கித் துடைக்கப் பூவாயி என்று ஒரு முள்ளம்பன்றி. இத்தனை பேர் இருந்தும் ஒரு வாத்துக்குஞ்சைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாமல் போன கதை இது. சொல்லும்போதே எரிச்சல் வருகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் காட்டில் குஞ்சு குட்டிகளின் பாதுகாப்பைக் கவனிக்கிறவர் ஒரு பெண் யானை. அவர் ஒருநாள் பள்ளிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்பதற்கு நாலு அடையாளம் சொன்னார். இறகு காரணமில்லாமல் உதிரும். தீனி இறங்காது. ஒருவரைக் கண்டால் மட்டும் ஒதுங்கும். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்க்கும். இவ்வளவுதான். பிறகு ஆலமரத்தில் ஒரு பெரிய மணியைக் கட்டி, கயிற்றைத் தரைவரைக்கும் தொங்கவிட்டார்.

"சந்தேகம் வந்தாலே போதும், இழுங்க. யார் வேணும்னாலும் இழுக்கலாம். யார்கிட்டயும் உத்தரவு கேட்க வேண்டாம். நிஜமா பொய்யான்னு பார்க்கிறது என் வேலை" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நீர்க்காகமும் நன்றாகவே ஆட்டினார். ஆளுக்கொரு சான்றிதழ் கிடைத்தது. மயில் அவற்றுக்கெல்லாம் கனமான மரச்சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்.

பூவாயிக்கு மட்டும் சான்றிதழ் கிடையாது. பயிற்சி ஆசிரியர்களுக்கு மட்டும்தான் என்று மயில் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பூவாயிக்குச் சுக்குக் காபி கொடுக்கிற வேலை. பிள்ளைகளுக்குக் காயம் பட்டால் மஞ்சள் வைப்பது அவர், அழுதால் பக்கத்தில் உட்காருவது அவர். அவரை விட்டுவிட்டுப் பயிற்சியாம்! நல்லவேளை, டம்ளர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் அவர் காது சும்மா இருக்கவில்லை.

யானை அந்தப் பக்கம் போனதும், மயில் இந்தப் பக்கம் கயிற்றை மேலே சுருட்டிக் கட்டிவிட்டார். மாணவர் சேர்க்கை நடக்கிற நேரமாம். காற்றடித்து மணி ஒலித்தால் பள்ளியின் பேர் என்னாவது என்று கேட்டார். அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மைனா டீச்சருக்கு வேறு ஒரு யோசனை. நாலு அடையாளங்களையும் மெட்டுப் போட்டுப் பாட்டாக்கினார். ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடினால் அக்கம்பக்கத்துக் குளமெல்லாம் அசந்துபோகும் என்று அவருக்கு ஆசை. நடுவில் நின்று பாட, நல்ல குரலுள்ள வாத்துக்குஞ்சு செவ்வந்தியைத் தேர்ந்தெடுத்தார்.

செவ்வந்தி நன்றாக நீந்துவாள். பந்தயத்துக்குத் தயார் செய்கிறேன் என்று நீர்க்காகம் தினமும் சாயங்காலம் அவளை மட்டும் நாணல் புதருக்குப் பின்னால் கூட்டிப்போவார். அவள் கொஞ்சம் பின்தங்கினால் இறகைக் கொத்திப் பிடுங்குவார். வெளியே சொன்னால் உன் அம்மாவைக் குளத்தை விட்டே துரத்திவிடுவேன் என்று மிரட்டியும் வைத்திருந்தார். பாவம், அந்தச் சின்னது நம்பிவிட்டது.

புதருக்குப் பின்னால் பெருக்கப் போன பூவாயி நாலு இறகைப் பார்த்தார். மறுநாளும் நாலு. கையில் எடுத்துக்கொண்டு நேராக மைனாவிடம் போனார். பிள்ளை மதியம் புழுவைத் தொடவில்லை என்றும், மாஸ்டர் குரல் கேட்டாலே தன் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிகிறாள் என்றும் சொன்னார்.

மைனாவுக்கும் சுருக்கென்றது. ஆனால் என்ன செய்தார் தெரியுமா? நேரே நீர்க்காகத்திடமே போய், இப்படி ஒரு பேச்சு வருகிறதே மாஸ்டர், உண்மையா என்று கேட்டார். யாரைப் பற்றிச் சந்தேகமோ அவரிடமே விசாரணை! சான்றிதழ் வாங்கிய டீச்சர்! நீர்க்காகம் சிரித்துக்கொண்டே, இது இறகு உதிர்கிற பருவம் என்றார். மைனாவும் நிம்மதியாகத் திரும்பி வந்தார்.

மறுநாள் புதருக்குப் பின்னால் ஒன்பது இறகு கிடந்தது.

பூவாயி இந்தத் தடவை மயிலிடமே போனார். மயில் ஒன்பது இறகையும் பார்த்தார். ஏழு நாளில் ஆண்டு விழா, சிறப்பு விருந்தினர் வருகிறார், மாஸ்டர் மூன்று வருடமாகக் கோப்பை வாங்கித் தருகிறார், எல்லாம் முடியட்டும், நிதானமாகப் பேசலாம் என்றார். மயிலுக்கு நிதானம். பிள்ளைக்குத் தினமும் சாயங்காலம் வருகிறதே, அதற்கு யார் நிதானம் சொல்வது?

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், ஆலமரத்தடி மேடையில் ஒத்திகை நடந்தது. செவ்வந்தி நடுவில் நின்றாள். முதல் அடியைப் பாடினாள். இரண்டாவது அடியில் குரல் நின்றது. மைனா அதட்டினார். மறுபடி பாடினாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? நாலு வரி பாட இத்தனை நேரமா?"

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். "டீச்சர், இது வெறும் பாட்டா, நிஜமா?"

"பாட்டுதான். பாடு."

"இதுல சொல்ற நாலும் எனக்கு இருக்கு டீச்சர்."

மைனா, ஒத்திகை பார்க்க வந்திருந்த மயிலைப் பார்த்தார். மயில், விழா முடியட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அப்போதும் அதேதான் சொன்னார்! இவரை என்ன சொல்லித் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

கீழே பெருக்கிக்கொண்டிருந்த பூவாயி துடைப்பத்தைப் போட்டார். மேடையேறி மணிக்கயிற்றைப் பார்த்தார். எட்டவில்லை. சிறப்பு விருந்தினருக்கென்று பட்டு விரித்து வைத்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அப்போதும் எட்டவில்லை. இறங்கி வாசலுக்கு ஓடினார். மாட்டியிருந்த சான்றிதழ்களைச் சட்டத்தோடு கழற்றி வந்து நாற்காலிமேல் ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"ஐயோ, அது சான்றிதழ்!" என்று மயில் அலறினார்.

பூவாயி அதன்மேல் ஏறி நின்றார். கயிறு கைக்கு எட்டியது. அந்தச் சான்றிதழ்கள் ஒரு பிள்ளைக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். பூவாயி தன் முழு பலத்தோடு இழுத்தார். மணிச் சத்தம் குளத்தைத் தாண்டிப் போனது.

யானை வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. யாரையும் அவர் முதலில் விசாரிக்கவில்லை. செவ்வந்தியின் அம்மாவை அழைத்துவரச் சொன்னார். அம்மாவின் சிறகுக்குள் போன பிறகுதான் பிள்ளை பேசியது. யானை ஒரு கேள்விகூடத் திணிக்காமல் கேட்டுக்கொண்டார். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, உன் அம்மாவை யாராலும் துரத்த முடியாது என்று சொன்னார். நீர்க்காகம் பறக்கப் பார்த்தான். ஆமாம், இனி அவனுக்கு என்ன மரியாதை? தும்பிக்கை அவனைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு எந்தக் குஞ்சின் பக்கமும் அவனை யாரும் விடவில்லை.

யானை பூவாயியிடம், நீங்கள் எந்தப் பயிற்சியில் படித்தீர்கள் என்று கேட்டார்.

"நான் காபி கொடுக்க வந்தேம்மா. கொடுத்துக்கிட்டே கேட்டேன்."

இறகுகளை மைனாவிடம் கொண்டுபோய்க் காட்டியதையும் பூவாயி சொன்னார். யானை மைனாவின் பக்கம் திரும்பினார். "முதல் இறகு உங்க கைக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"ஆறு நாள்" என்றார் மைனா. சொல்லும்போதே அழுதுவிட்டார். "பாட்டு மண்டையில ஏறுச்சு. பிள்ளை கண்ணுல படலை."

மயில் ஏதோ பள்ளியின் பேர் என்று ஆரம்பித்தார். யானை மரத்தைப் பார்த்து நடந்தார். சுருட்டிக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, இந்தத் தடவை செவ்வந்தியின் உயரத்துக்குத் தொங்கவிட்டார். மயிலைத் தலைமையாசிரியர் வேலையிலிருந்து அன்றே இறக்கினார்கள். அடுத்த பயிற்சியில் காவல்காரர், சமையல்காரர், வண்டியோட்டி எல்லோரும் உட்கார்ந்தார்கள். பூவாயி முன்வரிசையில் இருந்தார். காபி கொடுத்தது மைனா.

செவ்வந்திக்கு இறகு முளைக்க இரண்டு மாதம் ஆனது. தண்ணீரில் இறங்க அதற்குமேலும் ஆனது.

ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்த நிமிஷமே உரியவரிடம் சொல்லாதவர், எத்தனை பயிற்சி முடித்திருந்தாலும், கெடுதல் செய்தவனுக்குக் காவல் நின்றவரே.