எந்தக் கை பொய் சொன்னது?

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைக் கோட்டையொன்றை ஆண்ட மன்னருக்குத் தம் கைகளின் மேல் அபார நம்பிக்கை. பட்டுத் துணியைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்வார். குதிரையைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்பார். "என் கை சொன்னால் தப்பாது" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அரசவை ஆமாம் போடும். அந்த நம்பிக்கை ஒரு நாள் ஒரு பெண்ணின் கையை வேகவைக்கப் பார்த்தது.

அவள் பெயர் குருவம்மாள். அரண்மனையில் வெந்நீர் போடுபவள். நீராடும் நீர் என்றும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்பது மன்னர் கட்டளை. ஒரு மார்கழிக் காலையில் மன்னர் பனிப்புல்லில் நெடுநேரம் உலவிவிட்டு, விறைத்த கையோடு வந்து நீரைத் தொட்டார். "ஐயோ, சுடுகிறதே!" என்று அலறினார். மறுநாள் கணப்புச் சட்டியருகே உட்கார்ந்து கைகளைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். "இதென்ன, ஆற்றுத் தண்ணீரா?" என்று சீறினார்.

"ரெண்டு நாளும் ஒரே பதந்தான் சாமி" என்றாள் குருவம்மாள்.

பிரதானி தாண்டவராயர் உடனே குறுக்கிட்டார். "மன்னா, பழைய அண்டா ஓட்டையாகி, இன்றுதான் இரு மடங்கு பெரிய அண்டா வைத்தோம். விறகும் இரு மடங்கு கொடுத்தோம். அப்படியானால் நீரும் இரு மடங்கல்லவா சுட வேண்டும்? ஆறிக் கிடக்கிறதென்றால், விறகு இவள் வீட்டு அடுப்பில் எரிந்திருக்கிறது."

பொய் சொன்ன கையைக் கொதிநீரில் முக்குவது அந்நாட்டுச் சட்டம். அரசவை நடுவே அடுப்பு மூட்டி நீர்க் கொப்பரையை ஏற்றினார்கள். குருவம்மாள் தன் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் அரசவை விகடகவி பூவராகனுக்குக் கோபம் பொங்கியது. நாள் முழுக்க அடுப்படியில் வேகிறவளை இன்னும் வேகவைக்க வேண்டுமா? இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, ஒருவருக்காவது வாய் திறக்கத் தோன்றவில்லையே! அவன் எழுந்தான்.

"மன்னா, இது நீதியல்ல. அவள் சொன்னது மெய்."

மன்னர் இவன் பேச்சுக்கு மட்டும் சிரிப்பது தாண்டவராயருக்கு நெடுநாள் எரிச்சல். "அப்படியானால் விகடர் இப்போதே மெய்ப்பிக்கட்டும். முடியாவிட்டால் அவர் கையும் கொப்பரைக்குப் போகட்டும்" என்றார். மன்னரும் தலையசைத்தார்.

பூவராகன் மூன்று பாத்திரங்கள் கொண்டுவரச் சொன்னான். ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர். ஒன்றில் கிணற்றின் சில்லென்ற நீர். நடுவிலிருந்ததில் இரண்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினான்.

"மன்னர் வலக்கையை வெந்நீரிலும் இடக்கையைக் கிணற்று நீரிலும் வைத்தருள வேண்டும்."

ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் போனது.

"இப்போது இரண்டையும் நடுப் பாத்திரத்தில் விடுங்கள். வலக்கை என்ன சொல்கிறது?"

"குளிர்கிறது."

"இடக்கை?"

மன்னரின் புருவம் ஏறியது. "சுடுகிறது."

"பாத்திரம் ஒன்று, நீர் ஒன்று. சாட்சி மட்டும் இரண்டு!" பூவராகனின் குரல் உயர்ந்தது. "ஆக, ஒரு கை பொய் சொல்கிறது. கொப்பரையும் கொதிக்கிறது. எந்தக் கையை முக்கலாம் மன்னா?"

அவையோரின் கண்கள் கொப்பரையின் பக்கம் திரும்பின.

"இது மாயவித்தை!" என்றார் தாண்டவராயர்.

"அப்படியா? தங்கள் கைகளையும் இதேபோல் கேட்டுப் பார்க்கலாமே. பொய் சொல்லும் கையை அப்படியே கொப்பரையில் விட்டுவிடலாம்."

பிரதானியின் கைகள் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயின.

"மன்னா, வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் பாயும். பனியில் விறைத்த கைக்குள் நீரின் வெப்பம் பாய்ந்தது; சுட்டது. கணப்பில் காய்ந்த கையிலிருந்து வெப்பம் நீருக்குப் போனது, குளிர்ந்தது. வெப்பம் வருகிறதா போகிறதா என்று மட்டுமே கைக்குத் தெரியும். நீர் எவ்வளவு சூடு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இது தெரியாமல் ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினோம்!"

"அப்படியானால் விறகு?" என்றார் மன்னர்.

"ஒரு செம்பு நீரையும் ஓர் அண்டா நீரையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவர ஒரே அளவு விறகு போதுமா மன்னா? சூடு ஒன்றாக இருந்தாலும், அண்டாவுக்குள் போக வேண்டிய வெப்பம் எத்தனையோ மடங்கு. இரு மடங்கு விறகு இரு மடங்கு நீருக்கே சரியாய்ப் போயிற்று; பெரிய அண்டா வைத்தவர் அதை யோசித்திருக்க வேண்டும். இனிப் பதம் பார்க்க வேண்டுமானால் ஒரு கரண்டி உறைந்த நெய்யை நீரில் மிதக்கவிடுங்கள். அது உருகத் தொடங்கும்போது நீர் என்றும் ஒரே சூட்டில் இருக்கும். நெய் பனியில் உலாவப் போகாது. யாருக்கும் பயப்படவும் செய்யாது."

மன்னர் ஈரக் கைகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "என் கையே எனக்கு எதிரியாகிவிட்டதே!" என்று முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலை அவளுக்குரியது" என்றான் பூவராகன். அவன் கோபம் இன்னும் தணியவில்லை.

குருவம்மாள் மாலையைத் தொடவில்லை. "முத்து எனக்கெதுக்கு சாமி? மொதல்ல அந்தக் கொப்பரையை இங்கேருந்து எடுக்கச் சொல்லுங்க. அதப் பாத்தா ஈரக்கொலை நடுங்குது."

மன்னரின் சிரிப்பு நின்றது. அந்தச் சட்டத்தை அக்கணமே நீக்கினார். மாலையைத் தாமே அவள் முன் வைத்துவிட்டு, "தாண்டவராயரே, கொப்பரையை உம் கையாலேயே வெளியே கொண்டுபோம்" என்றார்.

"உத்தரவு மன்னா. ஆறட்டும், தூக்குகிறேன்."

"ஆறிவிட்டதென்று எப்படித் தெரிந்துகொள்வீர்?" என்று கேட்டான் பூவராகன்.

"கையை விட்டு..." என்று தொடங்கிய பிரதானி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதலில் சிரித்தவள் குருவம்மாள்.