கஸ்பார் வாங்கின நாப்பத்திரெண்டு

ஒரு ஊர்ல ஒரு சத்தம் இருந்துச்சாம். பகல்ல கிடையாது. விளக்கணைச்ச அரை மணியில ஆரம்பிக்கும். கொர்ர்ர்ர்... கொர்ர்ர்ர்... க்ளக்! அப்புறம் ஒண்ணுமே கேக்காது. இருபது எண்ணுற வரைக்கும் கேக்காது. அப்போ திடீர்னு, ஃப்பூஹ்! முங்கி எழுந்த எருமை மாதிரி. 'ம்' சொல்லு.

அது பேயில்ல. உப்பு லாரி ஓட்டுற கஸ்பார். இருபது எண்ணுறது அவர் பொண்டாட்டி தெக்லா. இந்தத் தடவை மூச்சு திரும்பி வருமா, வராதான்னு படுத்துக்கிட்டே எண்ணுவா. அவ மாமியார் மோட்சம்மாவுக்கோ ஒரே பெருமை. "எம்புள்ள குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கும். அவுக அப்பா குறட்டை!"

அப்புறம் ஒருநாள் ரயில்வே கேட்டுல லாரியை நிறுத்தின கஸ்பார், ஸ்டியரிங் மேலயே தூங்கிட்டார். ரயில் போச்சு, கேட் திறந்துச்சு, பின்னால பாம் பாம் பாம். இவர் கொர்ர்ர்ர். அன்னைக்கே தெக்லா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. தலையில, நெஞ்சுல, விரல்லன்னு ஒயரா ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவெச்சுப் பாத்தாங்க.

ரிப்போர்ட்டை கஸ்பாரே வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னு வாசிச்சார். "மூச்சு, நாப்பத்திரெண்டு. முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ்! ஆக்சிஜன், எழுபத்தெட்டு. டிஸ்டிங்ஷன்!" பள்ளிக்கூடத்துல எழுபத்தெட்டைக் கண்ணால பாக்காத மனுஷன். மோட்சம்மா முந்திரி போட்ட மக்ரூன் இனிப்பு வாங்கித் தெருவுக்கே குடுத்துட்டா.

அப்போ தெக்லா காகிதத்தைப் பிடுங்கிப் படிச்சா. வாயில இருந்த மக்ரூனைக் கையில துப்பினா.

"இதுல குறைய எடுத்தாத்தாங்க பாஸ். மணிக்கு நாப்பத்திரெண்டு தடவை உங்க மூச்சு நிக்குது, இல்லைன்னா பாதியாக் குறையுது. அஞ்சுக்குக் கீழ இருக்கணும். முப்பதே மோசம். ஆக்சிஜன் தொண்ணூறுக்கு மேல இருக்கணும், உங்களுக்கு எழுபத்தெட்டு வரைக்கும் இறங்கியிருக்கு."

கஸ்பார் யோசிச்சார். "அப்போ மக்ரூனைத் திரும்ப வாங்கணுமா?"

அப்புறம் டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் குடுத்தார். தூங்குறப்போ தொண்டை அமுங்கி வழியை அடைச்சுக்குதாம். இது மூக்கு வழியா காத்தை அழுத்தி அனுப்பி, வழியைத் திறந்தே வெச்சிருக்குமாம்.

முதல் ராத்திரி மாஸ்க்கைப் போட்டார். பத்து நிமிஷத்துல பிடுங்கி எறிஞ்சார். "ஏட்டி, புயல்ல தலையை நீட்டின மாதிரி இருக்கு!" மோட்சம்மா குழாயைப் பாத்துட்டு, "நான் என்ன ஆனைக்குட்டியா பெத்தேன்?"ன்னா. தெக்லா டாக்டரைக் கேட்டு, காத்து மெல்ல மெல்ல ஏறுற மாதிரி மெஷினை மாத்தி வாங்குனா. பகல்ல டிவி பாக்குறப்போவும் போட்டுப் பழக்குனா.

ரெண்டாவது ராத்திரி புஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ்... மீசை வழியா காத்து ஒழுகுது.

"மீசையா, மூச்சா?"

"மீசை."

"சரி, மீசையோடயே போட்டோ எடுத்து மாலை போடுறேன்."

சரக் சரக். மீசை போச்சு. தூங்கிட்டியா? 'ம்' சொல்லு.

மூணாவது ராத்திரி மாஸ்க் கச்சிதமா உக்காந்துச்சு. ஸ்ஸ்ஸ்... அவ்வளவுதான். தெக்லா எண்ண ஆரம்பிச்சா. மூணுக்கு மேல எண்ண முடியல, அதுக்குள்ள அடுத்த மூச்சு வந்துருது.

ஆனா கூடத்துல மோட்சம்மா திடுக்குனு முழிச்சா. வீட்ல சத்தமே இல்ல! "ஐயோ எய்யா, போயிட்டியா!" மடார்னு கதவைத் தள்ளிட்டு உள்ள வந்தா. அலறல் கேட்டுத் தெருவே வந்துருச்சு. பக்கத்து வீட்டுக்காரி முக்காடு போட்டு ஜெபம் ஆரம்பிச்சுட்டா. ஒருத்தர் சவப்பெட்டிக் கடைக்குப் போனே போட்டுட்டார்.

கஸ்பார் கண்ணைத் திறந்தார். மாஸ்க்கைத் தூக்கினார். "யாரு போயிட்டா?"ன்னு மரியாதையா கேட்டு, அவரும் கை கூப்பி ஜெபத்துல சேந்துக்கிட்டார்.

"சத்தமே காணோமேய்யா!"

"சத்தம்தான் நின்னுச்சு அத்தை. மூச்சு ஓடுது. இங்க வெச்சுப் பாருங்க." மாமியார் கையைப் பிடிச்சு அவர் நெஞ்சுல வெச்சா தெக்லா. ஏறுது, இறங்குது. ஏறுது, இறங்குது. மோட்சம்மா ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்ல.

அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, "விடியிற வரைக்கும் நான் இங்கயே உக்காந்து பாத்துக்கிடுதேன்"ன்னா. "நானும்"னா பக்கத்து வீட்டுக்காரி. சவப்பெட்டிக்குப் போன் போட்டவரும் நாற்காலி தேடுனார்.

"யாரும் பாக்க வேண்டாம். நானே இனி பாக்கப் போறதில்ல, தூங்கப் போறேன்"னு சொல்லி, தெக்லா ஒவ்வொருத்தரா முதுகுல கை வெச்சு வெளிய தள்ளுனா. கடைசியா மாமியாரை. கதவைச் சாத்தினா. டக்! உள்ள தாழ்ப்பாள் விழுந்துச்சு. கதைக்கும் அதே தாழ்ப்பாள்தான், கண்ணை மூடு.