சாமியாருக்குத் தெரியாத வெளிச்சம்

வள்ளியம்மை ஆச்சியின் வைரத் தோடு காணவில்லை. மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளியெல்லாம் தனக்குத் தெரியும் என்று வந்த சாமியார், வீட்டுவேலை செய்யும் செங்கமலத்தைச் சுட்டிக்காட்டினார்.

"இவளைச் சுத்திக் கருப்பொளி தெரியுது. எடுத்தது இவதான்."

போலீசைக் கூப்பிட ஆச்சி போனை எடுத்துவிட்டாள். செங்கமலம் டிவி ரிமோட்டை எடுத்துச் சாமியாருக்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

"சாமி, இதுலேருந்து வெளிச்சம் வருதா?"

"பிளாஸ்டிக் கட்டையில ஏது வெளிச்சம்?"

"ஆச்சி, உங்க போன் கேமராவுல இதைப் பாருங்க."

செங்கமலம் ரிமோட்டை ஆச்சி பக்கம் திருப்பி அழுத்த, ஆச்சி பார்த்தாள். ரிமோட்டின் நுனியில் வெளிர் ஊதாப் புள்ளி ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. கேமராவை விலக்கினால் ஒன்றுமே இல்லை.

"நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஆச்சி. சாமிக்கும் தெரியலையே," என்றாள் செங்கமலம்.

சாமியார் வாயைத் திறக்குமுன் ஆச்சி வாசற்கதவைத் திறந்தாள். அவர் தெருவில் இறங்கியதும் திரும்பினாள்.

"வா செங்கமலம், ரெண்டு பேருமாத் தேடுவோம்."