கெண்டைக் குஞ்சுகளும் இரண்டு பிக்கப் வண்டிகளும்

வேங்கைமலைக் காட்டில் கரடிக்கும் கீரிக்கும் ஆளுக்கொரு பிக்கப் வண்டி இருந்தது. கரடி மாடசாமியின் வண்டி டர்போ. அதில் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறிய பிறகுதான் முழு வேகம் வரும். கீரி சிங்காரத்தின் வண்டி ஹைபிரிட். அதில் பெட்ரோலோடு பேட்டரியும் சேர்ந்து இழுக்கும்.

சந்தை நாளானால் இரண்டும் புளியமரத்தடியில் பந்தயத்துக்கு நிற்கும். கொடி அசைந்ததும் கீரியின் வண்டி சத்தமில்லாமல் பாய்ந்துவிடும். கரடியின் வண்டியோ ஒரு மூச்சு இழுத்து நிதானித்து, அப்புறம்தான் உறுமிக்கொண்டு சீறும். வழியிலிருக்கும் புற்று வரைக்கும் கீரி முன்னால். அதைத் தாண்டி ஆற்றுவழிப் பாறையைத் தொடும்போது கரடி முன்னால். எதை எல்லையாக வைப்பது என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை.

"கிளம்பவே யோசிக்கிற வண்டியெல்லாம் ஒரு வண்டியா அண்ணே?" என்று கீரி சீண்டும். கரடிக்கு அந்தக் கேள்வி முள்ளாய்க் குத்தும். அந்த ஒரு மூச்சுத் தாமதத்தை நினைத்து அது உள்ளுக்குள் வெட்கப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தயம் எப்போதும் காலி வண்டியில்தான். சுமை ஏற்றினால் வேகம் கெட்டுவிடுமாம்!

அந்தக் கோடையில் குளம் வற்றியது. கெண்டை மீன் ஒன்று கரையோரம் வந்து, தன்னையும் குஞ்சுகளையும் ஆற்று மடுவில் சேர்த்துவிடும்படி இருவரையும் கெஞ்சியது. இரண்டு அண்டாக்களில் தண்ணீர் நிரப்பினார்கள். தாயும் பாதிக் குஞ்சுகளும் கரடி வண்டியில். மீதிக் குஞ்சுகள் கீரி வண்டியில்.

வண்டியில் ஏறியதும் இருவருக்கும் வீம்பு தலைதூக்கியது. மடுவை முதலில் தொடுபவரே வென்றவர் என்றது கீரி. கரடியும் தலையாட்டியது.

கீரி மிதியை அழுத்தியதுதான் தாமதம், வண்டி பறந்தது. அண்டாத் தண்ணீர் பின்பக்கம் வாரி இறைந்தது. கீரி திரும்பிப் பார்க்கவில்லை.

கரடியும் அழுத்தியது. வண்டி வழக்கம்போல ஒரு மூச்சு இழுத்தது. அந்த இடைவெளியில் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"அண்ணே, குஞ்சுங்க இருக்கு. மெல்லப் போங்க."

கரடியின் கால் தானாகத் தளர்ந்தது. தோற்கப்போகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்தாலும் அது மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டியது.

பாறையருகே கீரியின் வண்டி நின்றிருந்தது. அங்கே வந்த பிறகுதான் கீரி பின்னால் திரும்பிப் பார்த்திருந்தது. அண்டாவில் அடி நனையும் அளவுதான் தண்ணீர். குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. கீரி கையைப் பிசைந்துகொண்டு அழுதது.

"அண்ணே, இதுங்களைக் காப்பாத்துங்க. பந்தயம் உங்களுதாவே இருக்கட்டும்."

கரடி வண்டியை விட்டு இறங்கியது. தன் அண்டாவிலிருந்து பாதித் தண்ணீரை மொண்டு ஊற்றியது. குஞ்சுகள் துள்ளின. தாய்க்கெண்டை அதைக் கண்ட பிறகுதான் மூச்சே விட்டது.

அங்கிருந்து இரண்டு வண்டிகளும் அக்கம்பக்கமாக ஊர்ந்தன. மடுவில் இறங்கிய கெண்டை, குஞ்சுகள் ஒன்றுவிடாமல் வந்துவிட்டதைப் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்பி வந்தது.

"இந்த உபகாரக் கடனை எந்தக் காலத்துல தீர்ப்பேன் அண்ணே?" என்றது.

கரடி கரையில் குனிந்தது. "நான்தான் தாயி உனக்குக் கடமைப்பட்டிருக்கேன். நீ குரல் குடுக்கலைன்னா நானும் இதே தப்பைத்தான் பண்ணியிருப்பேன். என் வண்டி அந்த ஒரு மூச்சு நின்னதாலதான் உன் குரல் என் காதுல விழுந்துச்சு."

கீரி தன் வண்டியை விட்டு இறங்கி வந்து, இத்தனை நாள் கேலி செய்த அந்த டர்போ வண்டியின் முகப்பைத் துடைத்துக் கும்பிட்டது.

அடுத்த சந்தை நாளிலும் பந்தயம் நடந்தது. ஆனால் இரண்டு வண்டியிலும் விளிம்பு தட்ட நிரப்பிய அண்டாக்கள் இருந்தன. சிந்தாமல் வருபவருக்கே மாலை.

நம்மை நம்பி ஏறியவர்கள் தாங்கும் வேகமே நல்ல வேகம்.